யோகண்ணா போகாத பந்தயம்

அன்று காலை லிப்டில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. "வாக்ட்மெஸ்தர் இன்று பணியில் இல்லை. அவசரம் என்றால் குழுத் தலைவரை அழைக்கவும்." நோர்வேஜிய மொழியில் வாக்ட்மெஸ்தர் என்றால் பராமரிப்பாளர்; எங்கள் ரொம்மன் குடியிருப்பின் பராமரிப்பாளர். விளக்கு, சாக்கடை, கோடையில் புல், குளிர்காலத்தில் பனி எல்லாம் அவர் பொறுப்பு. அதாவது யோகராசா. எனக்கு யோகண்ணா. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் லீவு போட்டுவிட்டாரே என்று நினைத்தபடி வெளியே வந்தேன். படிக்கட்டில் பனி அள்ளப்படாமல் கிடந்தது. வழுக்கி, கம்பியைப் பிடித்துத் தப்பித்தேன். "பெப்ரவரி மாசத்துலயா லீவு போடுவாங்க, இந்த மனுசனுக்கு அறிவு வேண்டாம்?" என்று சத்தமாகவே திட்டினேன். நல்லவேளை, பக்கத்தில் தமிழ் தெரிந்தவர் யாரும் இல்லை.

மதியம் ஸ்வேரே தொலைபேசியில் அழைத்தார். ஸ்வேரே ஒரு விவசாயி, யோகண்ணாவின் நண்பர். யோகண்ணா ஓட்டும் புல்வெட்டி வண்டிப் பந்தயம் ஸ்வேரேயின் நிலத்தில்தான் நடக்கும். "யோகா இன்று விடிகாலையில் தூக்கத்திலேயே இறந்துவிட்டார்" என்று நோர்வேஜிய மொழியில் சொன்னார். நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா? "இல்லை, அவர் இன்றைக்கு லீவு. லிப்டில் தாள் ஒட்டியிருக்கிறது" என்றேன். ஸ்வேரே பொறுமையாக மறுபடியும் சொன்னார். நானும் மறுபடியும் அந்தத் தாளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன். எத்தனை தடவை அப்படிச் சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை.

அந்தியேட்டிக்கு, அதாவது முப்பத்தோராம் நாள் கிரியைக்கு, கொடுக்கப்போகும் நினைவு மலருக்கு எழுதச் சொல்லி அவருடைய மனைவி மலரக்கா கேட்டார். நான் கோயம்புத்தூர்க்காரி. யாழ்ப்பாணத்து வழக்கப்படி இந்த மலரில் எதை எழுதலாம், எதை எழுதக்கூடாது என்று எனக்குத் தெரியாது. அவரை முப்பது வருடமாக அறிந்தவர்கள் இதைப் படிப்பீர்கள். நான் அறிந்தது மூன்று வருடம்தான். அவருடைய நற்குணங்களை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. என்னிடம் இருப்பது ஒரு குழப்பம். போன இலையுதிர்காலத்தில் அவருக்கு ஒரு பந்தயம் இருந்தது. ஐந்தாவது பந்தயம். அதற்கு முந்தைய நான்கில் ஒன்றைக்கூட அவர் ஓட்டி முடித்ததில்லை. ஐந்தாவதை முடித்திருப்பார், வண்டி அப்படித் தயாராக இருந்தது. ஆனால் நான் சொன்ன ஒரு சொல்லால் அவர் போகவில்லை. ஆறாவது என்று ஒன்று அவருக்கு இனி இல்லை. அந்தப் பந்தயத்தை அவரிடமிருந்து பறித்தது நானா? இந்த ஒரு மாதமாக எனக்கு வேறு யோசனையே ஓடவில்லை.

நாங்கள் அறிமுகமானதே ஒரு சத்தத்தால்தான். என் வேலை இயந்திரங்களின் அதிர்வை அளந்து, எது எப்போது உடையும் என்று சொல்வது. அப்பா கோவையில் லேத் பட்டறை வைத்திருந்தார். சத்தத்தை வைத்தே நோயைச் சொல்லும் பழக்கம் வீட்டிலேயே வந்தது. ரொம்மனுக்குக் குடிவந்த முதல் வசந்தத்தில், ஒரு சனிக்கிழமை, கீழே கராஜிலிருந்து ஒரு சிறிய என்ஜின் கத்துவது கேட்டது. சாதாரணக் கத்தல் இல்லை. இறங்கிப் போனேன். நீலச் சீருடையில் ஒருவர், ஏறி உட்கார்ந்து ஓட்டும் சிவப்புப் புல்வெட்டியின் முன்னால் குந்தியிருந்தார். பக்கத்தில் கோயில் காலண்டர் தொங்கியதால் துணிந்து தமிழிலேயே கேட்டேன்.

"சார், கவர்னரைக் கழட்டிட்டீங்களா?"

கவர்னர் என்பது என்ஜின் ஒரு வேகத்துக்கு மேல் சுற்றாமல் பிடித்துவைக்கும் சின்ன உறுப்பு. அவர் திரும்பிப் பார்த்தார்.

"ஓம். உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"மேல மூணாவது மாடி வரைக்கும் தெரியுதுங்க."

"சத்தமெண்டு முறைப்பாடு சொல்ல வந்தனீங்களோ?"

"இல்லீங்க. இப்படியே ஓட்டினா கனெக்டிங் ராடு வெளிய வந்துரும்னு சொல்ல வந்தேன்."

அவர் எழுந்து, கையைத் துடைத்து, எனக்கு ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டார். "இருங்கோ. சார் எண்டெல்லாம் வேண்டாம், அண்ணை எண்டு கூப்பிடுங்கோ" என்றார். அன்றிலிருந்து நான் தங்கச்சி. எனக்கு 'அண்ணை' வாயில் வரவில்லை, 'அண்ணா' என்றேன். "உங்கட ஆக்கள் ஏன் எல்லாத்துக்கும் ஒரு 'ங்க' போடுறீங்கள்? களைக்காதோ?" என்று சாகும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்தப் புல்வெட்டி குடியிருப்புச் சங்கம் கழித்துக் கட்டியது. சங்கம் புதிதாக ஒன்று வாங்கியபோது, பழையதை எடுத்துப்போக இவர் அனுமதி கேட்டார். புல்வெட்டிகளை வைத்துப் பந்தயம் ஓட்டுகிறவர்கள் இந்த நாட்டில் இருக்கிறார்கள் என்பதையே நான் அன்றுதான் அறிந்தேன். முதல் விதி, வெட்டும் பிளேடுகளைக் கழற்றிவிட வேண்டும். இரண்டாவது, வண்டி பார்வைக்குப் புல்வெட்டியாகவே இருக்க வேண்டும். மூன்றாவது, ஓட்டுபவரின் மணிக்கட்டில் ஒரு கயிறு கட்டியிருக்க வேண்டும். அவர் விழுந்தால் கயிறு பிடுங்கப்பட்டு என்ஜின் நின்றுவிடும். மற்றபடி என்ன வேண்டுமானாலும் செய்யலாம்.

யார் இதைச் செய்கிறார் என்று பாருங்கள். ஐம்பதில் போகவேண்டிய தெருவில் நாற்பதில் கார் ஓட்டுகிற மனிதர். மலரக்கா பின்சீட்டிலிருந்து, "இறங்கி நடந்தால் கெதியாப் போகலாம்" என்பார். அப்படிப்பட்டவருக்கு எதற்குப் பந்தயம்? நான் கேட்டேன். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு பதில் வந்தது. ஒருநாள் சொன்னது மட்டும் அப்படியே நினைவிருக்கிறது. "இருவத்திரண்டு வருசம் இதில இருந்து புல்லு வெட்டினனான், தங்கச்சி. வெட்டிக்கொண்டே இருந்தால் இது என்ன மெசின் எண்டு தெரியாமல் போயிடும். வெட்டாமல் விட்டால் என்ன செய்யும் எண்டு ஒருக்கால் பாக்கவேணும்." எனக்கு அப்போதும் புரியவில்லை, இப்போதும் முழுதாகப் புரியவில்லை. புரிந்த மாதிரி தலையாட்டிவிட்டு ஸ்பானரை எடுத்துக் கொடுத்தேன்.

இரண்டு குளிர்காலம் அந்த கராஜில் வேலை பார்த்தோம். வண்டியைத் தரையோடு தாழ்த்தினோம். என்ஜின் பக்கம் பெல்ட் ஓடும் சக்கரத்தைப் பெரிதாக்கி, கியர்ப்பெட்டிப் பக்கத்துச் சக்கரத்தைச் சிறிதாக்கினோம். கணக்குப் போட்டது நான், கடைந்ததும் நான். கணினி முன்னால் உட்கார்ந்தே பத்து வருடம் கழித்தவள், கடைந்த அன்று கையில் கிரீஸோடு வீட்டுக்குப் போய் அம்மாவுக்கு வீடியோவில் காட்டினேன். "உங்கப்பா மாதிரியே நாத்தம் புடிச்சவளா ஆயிட்ட" என்று அம்மா சிரித்தார். அந்தச் சந்தோசத்தைக் கொடுத்தவர் யோகண்ணா. அதை அவரிடம் ஒருநாளும் சொல்லவில்லை.

கோயில் விசயத்தையும் சொல்ல வேண்டும், பின்னால் வருவதற்கு அது முக்கியம். அம்மருட் என்ற பகுதியிலுள்ள கோயிலில் திருவிழா என்றால் யோகண்ணா பத்து நாளும் அங்கேதான். ஆனால் உள்ளே போய்க் கும்பிட்டு நான் பார்த்ததில்லை. ஏணியில் நின்று பல்ப் கட்டுவார். ஸ்பீக்கர் வயரை மழை படாமல் சுற்றுவார். தேர் போகும்போது எல்லோரும் கைகூப்பி நிற்க, இவர் மட்டும் தாழ்வாகத் தொங்கும் கம்பியை ஒரு தடியால் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடப்பார். "சாமி கும்பிட மாட்டீங்களாண்ணா?" என்று கேட்டேன். "கும்பிட நிறையப் பேர் இருக்கினம். வயர் பிடிக்கத்தான் ஆளில்லை" என்றார்.

பந்தயங்களைப் பற்றிப் பெருமையாக எழுத ஒன்றுமில்லை. மைதானம் நகரத்துக்கு வடக்கே ஒரு மணி நேரத் தூரத்தில், ஸ்வேரேயின் அறுவடை முடிந்த வயல். இருபது சுற்று. முதல் பந்தயத்தில் முதல் வளைவிலேயே பெல்ட் கழன்று பறந்தது. இரண்டாவதில் முன்சக்கரத்தின் அச்சு வளைந்தது. மூன்றாவதில் பதினேழாம் சுற்றில் பெட்ரோல் தீர்ந்தது. பெட்ரோல் கணக்குப் போட்டதும் நான்தான். இதைக் கேட்டு மலரக்கா, "படிச்ச பிள்ளை!" என்றார், அவ்வளவுதான். யோகண்ணா ஒவ்வொரு தடவையும் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு வண்டியைத் தானே தள்ளிக்கொண்டு வருவார். "வெல்லுறதுக்கு வேற ஆக்கள் இருக்கினம். நான் ஒருக்கால் முடிச்சாக் காணும்" என்பார். முடிவுக் கோடு தாண்டும்போது ஸ்வேரே கறுப்பு வெள்ளைக் கொடியை அசைப்பதை, நின்றுகொண்டு பார்க்காமல் ஓட்டிக்கொண்டு பார்க்கவேண்டும். அவருடைய ஆசை அவ்வளவுதான்.

நான்காவது பந்தயம் போன ஆகஸ்டில். பன்னிரண்டாம் சுற்று. வண்டி அருமையாக ஓடிக்கொண்டிருந்தது, நான் கத்திக்கொண்டிருந்தேன். வளைவு வந்தது. இவர் திருப்பவில்லை. நேராகப் போய் ஓரத்தில் அடுக்கியிருந்த வைக்கோல் கட்டுகளில் மோதி நின்றார். ஓடிப்போய்ப் பார்த்தோம், காயம் எதுவும் இல்லை. கொஞ்சம் வெளிறியிருந்தார். "பெல்ட் கழண்டு போச்சு" என்றார்.

நான் குனிந்து பார்த்தேன். பெல்ட் தன் இடத்தில் கச்சிதமாக இருந்தது. என்ஜின்கூட நிற்கவில்லை, வைக்கோலைத் தள்ளிக்கொண்டு உறுமிக்கொண்டிருந்தது. பிரேக் பிடித்த தடம் தரையில் இல்லவே இல்லை. என் தொழிலே இதுதானே, எது தவறியது என்று கண்டுபிடிப்பது. எனக்குக் கோபம் வந்தது. என் பெல்ட்டின்மேல் பழி போடுகிறாரே என்று கோபம். எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன்.

"அண்ணா, பெல்ட் கழலலை. நீங்கதான் திருப்பலை. ஒத்துக்கோங்க."

அவர் தலைக்கவசத்தைக் கழற்றினார். "ஓம், தங்கச்சி. நான்தான் திருப்பேல்லை" என்றார். ஜெயித்த திருப்தியில் நான் வேறெதுவும் கேட்கவில்லை.

அதன்பிறகு ஆறு வாரம் முன்னைவிட அதிகமாக வண்டியில் வேலை செய்தார். பிரேக் முழுவதையும் புதிதாக்கினார். மணிக்கட்டுக் கயிறு சரியாக வேலை செய்கிறதா என்று ஒரு நாளில் நான்கு தடவை பிடுங்கிப் பார்த்தார். பருவத்தின் கடைசிப் பந்தயம் நெருங்கியது. அது ஒரு சனிக்கிழமை. அந்த வருடம் சரஸ்வதி பூசையும் அதே சனிக்கிழமைதான் வந்தது.

இங்கேதான் என் திருவிளையாடல். கோவையில் அன்றைக்கு ஆயுத பூசை. ஊரில் ஓடுகிற, சுற்றுகிற, வெட்டுகிற எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைப்போம். நான்கு தடவை பாதியில் நின்ற வண்டிக்கு ஒரு பூசை போட்டால் என்ன என்று எனக்குத் தோன்றியது. சனிக்கிழமை பந்தயத்துக்குப் போகவேண்டும் என்பதால் வெள்ளிக்கிழமை பின்னேரமே வைத்துவிடலாம் என்றேன். "எங்கட பக்கம் புத்தகம்தான் கனக்க வைக்கிறது. மெசின் வைச்சு நான் பாத்ததில்லை" என்றார். ஆனாலும் வண்டியைக் கழுவித் துடைத்து நிறுத்தினார். நான் பொட்டு வைத்தேன். மலரக்கா கடலையும் பொங்கலும் கொண்டுவந்தார். கழற்றிவைத்த பிளேடுகளையும் எடுத்து வந்து வண்டிக்குப் பக்கத்தில் வைத்து, அவற்றுக்கும் ஒரு பொட்டு வைக்கச் சொன்னார் யோகண்ணா. கராஜின் புகை எச்சரிக்கைக் கருவி கத்திவிடும் என்று கற்பூரத்தை வெளியே வைத்துக் கொளுத்தினோம்.

கடலையைச் சாப்பிட்டுக்கொண்டே அவர் கேட்டார்: "உங்கட அப்பாவின்ரை பட்டறையில பூசை முடிஞ்ச உடன மெசினை ஓட்டுவீங்களோ?"

நானா, அப்பா பேச்சென்றால் வாய் மூடாது. "ஐயோ, தொடக்கூடாதுங்ணா. வச்சது வச்சபடி இருக்கணும். விஜயதசமி அன்னிக்கு மறுபூசை பண்ணி, எலுமிச்சம்பழம் நறுக்கிப் போட்டுத்தான் சுவிட்சே போடுவோம். நடுவுல யாராவது கை வச்சா எங்கப்பா தோலை உரிச்சிருவாரு."

"அப்பிடியோ" என்றார். இன்னொரு பிடி கடலை எடுத்துக்கொண்டார். நான் அப்பாவைப் பற்றி இன்னும் நான்கு கதை சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு, காரில் டிரெய்லரை மாட்டிக்கொண்டு கராஜ் வாசலுக்கு வந்தேன். யோகண்ணா லுங்கியும் குளிர் ஜாக்கெட்டுமாகத் தேநீர்க் கோப்பையோடு நின்றார்.

"என்னங்ணா, இன்னும் கிளம்பலையா?"

"எடுக்கேலாது, தங்கச்சி."

"என்னத்தை?"

"மெசினை. பூசையில எல்லோ இருக்கு. மறுபூசை செய்துபோட்டுத்தான் எடுக்கிறது எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்."

முதலில் சிரித்தேன். விளையாடுகிறார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை.

"அண்ணா, அது பட்டறைங்க. இது பந்தயம். இப்பவே ஒரு தேங்கா உடைச்சு மறுபூசை பண்ணிடறேன், இருங்க."

"விஜயதசமி நாளைக்கெல்லோ."

"காலண்டர் பாத்தா பூசையே இன்னிக்குத்தான்! நாம நேத்தே வச்சது கணக்குலயே சேராது."

"வைச்சது வைச்சதுதான்."

"நீங்கதான் சாமியே கும்பிட மாட்டீங்களே!"

"ஓம். அது வேற. இது உங்கட அப்பாவின்ரை சொல்லு."

என் சொந்தப் பூசையை எதிர்த்து நானே கால் மணி நேரம் வாதாடினேன். படித்த படிப்பெல்லாம் வைத்து வாதாடினேன். அப்பாவே உயிரோடு வந்தாலும் இதற்கு ஒப்புக்கொள்வார் என்றேன். யோகண்ணா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "தேத்தண்ணி குடிக்கிறீங்களோ?" என்றார். நான் காரில் ஏறி, கதவை அறைந்து சாத்திவிட்டு, வெறும் டிரெய்லரோடு திரும்பிப் போனேன்.

குளிர்காலம் வந்தது. இவர் குடியிருப்பின் சிறிய பனி டிராக்டரில் ஏறவில்லை என்பதைப் பலரும் கவனித்திருப்பீர்கள். டிராக்டருக்கு ஏதோ கோளாறு என்று மண்வெட்டியால் அள்ளினார். "நான் பார்க்கிறேன்" என்றால், "வேண்டாம், எனக்குத் தேகப்பயிற்சி" என்பார். காரையும் எடுக்காமல் பஸ்ஸில் போய்வந்தார். பனி அள்ளத் தாமதமானால் சிலர் குழுத் தலைவருக்கு முறைப்பாடு எழுதினார்கள். எழுதியது யார் என்று நான் சொல்லப் போவதில்லை, அவர்களும் இதைப் படிப்பார்கள். எது எப்போது உடையும் என்று சொல்வதற்குச் சம்பளம் வாங்கும் நானும் இவை எல்லாவற்றையும் பார்த்தேன். பார்த்து ஒன்றையும் யோசிக்கவில்லை.

இறுதிக் கிரியை முடிந்து வெளியே வந்தபோது ஸ்வேரே என்னிடம் கேட்டார்: "கியர்ப்பெட்டியைப் பிறகு சரிசெய்தீர்களா?"

"எந்தக் கியர்ப்பெட்டி?"

"அந்தச் சனிக்கிழமை காலையில் யோகா கூப்பிட்டுச் சொன்னாரே, கியர்ப்பெட்டி உடைந்துவிட்டது, வரமுடியாது என்று. நான் அவருடைய இடத்தை வெறுமையாகவே விட்டுப் பந்தயத்தைத் தொடங்கினேன்."

கியர்ப்பெட்டி உடையவில்லை என்றேன். "அப்படியென்றால் ஏன்?" என்றார். பூசையைப் பற்றி நோர்வேஜிய மொழியில் விளக்கப் பார்த்தேன். பாதியில் எனக்கே அது ஒரு காரணமாகத் தெரியவில்லை. 

எட்டாம் நாள், எட்டுச் செலவு என்ற படையலுக்கு அவருக்குப் பிடித்ததெல்லாம் சமைத்துப் படைத்திருந்தார்கள். கூட்டம் கலைந்தபிறகு மலரக்கா என்னை அறைக்குள் கூப்பிட்டு ஒரு கடிதத்தைக் கொடுத்தார். அவருடைய கராஜ் அலமாரியில், சக்கரங்களின் அளவு எழுதிய என் தாள்களோடு அது இருந்திருக்கிறது. மருத்துவர் எழுதியது. இதயத் துடிப்பில் கோளாறு, திடீரென நினைவு தவறக்கூடும், மறு பரிசோதனை முடியும்வரை எந்த வாகனமும் ஓட்டக்கூடாது. வீட்டில் ஒருவருக்கும் அவர் இதைச் சொல்லவில்லை. அக்கா, பந்தயம் வேண்டாம் என்று வழக்கமாகச் சொல்வதைச் சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறார், அவ்வளவுதான்.

அப்பாடா என்று இருந்தது எனக்கு. வெட்கமில்லாமல் சொல்கிறேன், முதலில் வந்தது நிம்மதிதான். அவர் போகாததற்குக் காரணம் மருத்துவர், நானில்லை. பிறகு கடிதத்தின் மேல்மூலையைப் பார்த்தேன். ஜூன் மாதம். ஆகஸ்டில் இந்த மனிதர் பந்தயம் ஓட்டியிருக்கிறார். மருத்துவர் தடுத்த இரண்டு மாதம் கழித்து.

ஆகஸ்டில் அந்த வளைவில் அவர் திருப்பாததற்குக் காரணம் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவர் அந்த நேரம் அங்கே இல்லை. கண் திறந்தபோது முன்னால் வைக்கோல் இருந்திருக்கிறது, பக்கத்தில் நான் நின்று ஒத்துக்கொள்ளச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்திருக்கிறேன். வைக்கோலுக்குப் பதில் ஸ்வேரே கொடியோடு நின்றிருக்கலாம். நானே நின்றிருக்கலாம். இது அவருக்கும் தெரிந்திருக்கும். தெரிந்தும் ஆறு வாரம் ஏன் பிரேக் மாற்றினார்? போவதற்கா? போகாமலிருக்கத் தனக்கு ஒரு காரணம் கிடைக்கும்வரை கையைச் சும்மா வைத்திருக்க முடியாமலா? நான் அப்பாவின் கதையைச் சொல்லாமல் விட்டிருந்தால் போயிருப்பாரா? எப்படிப் போட்டாலும் கணக்கு ஒரு பக்கம் இடிக்கிறது. இத்தனை வருடம் உடைந்த இயந்திரங்களைப் பார்த்து ஏன் உடைந்தது என்று எழுதிக் கொடுத்தவள் நான். இந்த ஒரு மனிதருக்கு என்னால் எழுத முடியவில்லை.

அக்காவிடம் அந்தச் சனிக்கிழமையைப் பற்றிக் கேட்டேன்.

"என்ன செய்தவரோ? வீட்டில இருந்தவர். மத்தியானம் என்னோட இருந்து சாப்பிட்டவர். ரண்டு மணிக்கு மணிக்கூட்டைப் பாத்து, 'இப்ப துவங்கியிருப்பினம்' எண்டார். அரை மணித்தியாலம் கழிச்சு, 'இப்ப முடிஞ்சிருக்கும்' எண்டார். பிறகு இன்னொரு தேத்தண்ணி கேட்டவர். நான் ஊத்திக் குடுத்தனான்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. கேட்க வேண்டியதைக் கேட்டேன்.

"அக்கா, என்மேல கோபமா?"

"ஓம், கோபம்தான்" என்றார். யோசிக்கவே இல்லை. "டொக்டர் சொல்லிக் கேக்கேல்லை. முப்பத்தொரு வருசமா நான் சொல்லி ஒண்டும் கேக்கேல்லை. நேற்று வந்த நீங்கள், உங்கட அப்பா தோலை உரிப்பார் எண்டு ஒரு கதை சொன்னீங்கள். அதைக் கேட்டவர். இது எனக்குத் தெரிஞ்சிருந்தால் நானும் ஏதாவது ஒரு கதை சொல்லியிருப்பன்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சாப்பிடுங்கோ, ஆறப்போகுது. இதையும் மலரில எழுதுங்கோ. எனக்குக் கோபம் எண்டதையும் எழுதுங்கோ."

எழுதிவிட்டேன், அக்கா.

அவருடைய கருவிகளில் எது வேண்டும் என்று அக்கா கேட்டார். எதுவும் வேண்டாம் என்றேன். அவர் நினைவாக நான் வைத்துக்கொள்வது அக்காவின் அந்தக் கோபத்தைத்தான். பறித்தேனா, காப்பாற்றினேனா என்று என்னால் சொல்ல முடியவில்லை. இரண்டும் இல்லாமலும் இருக்கலாம். ஆனால் யார் பேச்சையும் கேட்காத ஒருவர் ஒரு தடவை என் பேச்சைக் கேட்டார் என்பதற்கு, அதைத் தாங்கமுடியாத அக்காவே சாட்சி.

ஏன் கேட்டீர்கள் என்று எனக்குத் தெரியவில்லை, அண்ணா. கேட்டீர்கள். அதற்காக நான் உங்களோடு இரண்டு வாரம் பேசாமல் இருந்தேன்.